மூக்கு அறிந்த ஊர்

பேராச்சிக்குப் பம்பாய் மூக்கு வழியாகத்தான் அறிமுகமானது. கல்யாணமாகி ஒரு மாதம். தாதர் ஸ்டேஷனில் இறங்கி, தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குதிரை வண்டியில் உட்கார்ந்திருந்தாள். வண்டி தாராவிப் பக்கம் திரும்பியதும் காற்றில் ஏதோ ஒன்று வந்து முகத்தில் அறைந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். பூலோகம் சிரித்தான்.

"தோல் ஷாப்புளா. இதுதான் நமக்குச் சோறு. எட்டு நாள்ல மூக்கு செத்துப்போவும், பாத்துக்கோ."

மூக்கு சாகவில்லை. அது படிக்க ஆரம்பித்தது.

பேராச்சிக்கு எழுத்து தெரியாது. தமிழே தெரியாதவளுக்குப் பம்பாய்ப் பலகைகளில் இருந்த இங்கிலீஷும் இந்தியும் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன. ஜெயினுலாப்தீன் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் பூலோகம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றான். அவளுக்கு அங்கேயே உப்பு உதறும் வேலை கிடைத்தது. உப்புப் போட்டு மடித்து வரும் ஆட்டுத் தோலை விரித்து, உதறி, தொட்டிக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு வாடைக்குள் உப்பு தனி, சுண்ணாம்பு தனி, ஊறுகிற ஆவாரம்பட்டை தனி, கடுக்காய் தனி என்று அவளுக்குப் பிரிந்துகொண்டது. அப்புறம் தெருக்கள் பிரிந்தன. குயவர்கள் இருக்கும் பக்கம் சூளைப் புகை. கடல் வற்றினால் மாகிம் பக்கத்துச் சேறு. மாட்டுங்காவில் ஈரப் பூவும் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனையும். பார்லாவில் ரயில் நிற்கும் முன்பே பிஸ்கட். செம்பூர் தாண்டினால் ஆலைகளின் மருந்து நெடி. ரயிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். இறங்க வேண்டிய இடத்தில் எழுந்துவிடுவாள்.

பம்பாயில் மாட்டுங்கா இரண்டு. மத்திய லைனில் ஒன்று, மேற்கு லைனில் மாட்டுங்கா ரோடு என்று ஒன்று. புதிதாக வந்த தாராவிக்காரர் எவரும் ஒரு தடவையாவது தப்பான மாட்டுங்காவில் நின்று விழித்திருப்பார். பேராச்சியும் விழித்தாள். பரேலில் பிள்ளை பெற்றிருந்த சொந்தக்காரியைப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பிய நாள் அது. 'மாட்டுங்கான்னு கேட்டு எறங்கு' என்றுதான் பூலோகம் சொல்லியிருந்தான். கேட்டுத்தான் இறங்கினாள். பூ வாசனை இல்லை, காப்பி இல்லை. இது வேறு இடம். அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு நின்றாள். குளிர்காலம், வடக்கேயிருந்து லேசாகக் காற்று. அந்தக் காற்றில் ஒரு நூல் போல உப்பும் சுண்ணாம்பும் வந்தன. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"எப்படிளா வந்த?" என்றான் வாசலில் தவித்துக்கொண்டிருந்த பூலோகம்.

"வாடையப் பிடிச்சிட்டு வந்தேன்."

அதைப் பூலோகம் சாகும் வரைக்கும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான்.

*

ஒரே மகன் தங்கபாண்டி. மாட்டுங்காவில் படித்தான். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் வந்து கேட்டான்: "எம்மா, நம்ம மேல வாடை அடிக்குதா?"

பக்கத்துப் பையன் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். பேராச்சி எழுந்தாள். சற்றுத் தள்ளி லேபர் கேம்பில் இருந்த தன் சிநேகிதி பூமாரியிடம் போனாள். அங்கே தோல் காற்று அவ்வளவாக எட்டாது. மறுநாள் முதல் தங்கபாண்டியின் பள்ளிச் சட்டை பூமாரி வீட்டில் துவைபட்டது, பூமாரி வீட்டில் காய்ந்தது, பூமாரி வீட்டு ஆணியில் தொங்கியது. காலையில் வீட்டுச் சட்டையோடு போவான், சந்தன சோப்புப் போட்டு அங்கே குளிப்பான், பள்ளிச் சட்டை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போவான். திரும்பும்போது அதை அங்கேயே கழற்றிவிட்டு வருவான். காலேஜ் முடிக்கும் வரை அப்படித்தான் நடந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசிக்கொண்டதில்லை.

கெமிக்கல் எஞ்சினியரிங் படித்தான். மேல்படிப்புக்கு அமெரிக்காவில் மில்வாக்கி என்கிற ஊருக்குப் போனான். போன இரண்டாம் வருஷம் பூலோகம் இறந்துபோனான். தந்தி போய்ச் சேர்ந்தது, பிள்ளையால் வந்து சேர முடியவில்லை. பூலோகத்தின் கூட்டாளி பூதத்தான் கொள்ளி வைத்தார்.

அறுபத்தெட்டு டிசம்பரில் தங்கபாண்டி வந்தான். அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போவதற்காக.

தாராவியில் அவர்கள் இருந்தது ஒற்றை அறை. அன்று அதற்குள் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. தங்கபாண்டி தரையில் உட்காரவில்லை, தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து ஊரைப் பற்றிச் சொன்னான். கடல் மாதிரி ஏரி, ஆனால் உப்பு இல்லை. வெந்நீர் குழாயிலேயே வரும். தண்ணிக்கு வரிசை கிடையாது.

"கொழாச் சண்டை கெடயாதா?" என்றாள் பூமாரி. "அப்பொ மயினிக்கு எப்படிடா பொழுது போவும்?"

"ஏன், மூஞ்சியப் பாத்தா நான் சண்டைக்காரி மாதிரியா இருக்கேன்?" என்றாள் பேராச்சி.

"மூஞ்சியில என்ன இருக்கு மயினி. வாயிலல்லா இருக்கு."

பூதத்தான் பீடியைக் காதில் செருகிக்கொண்டு முன்னால் நகர்ந்தார். "ஏலே தங்கபாண்டி, ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த ஊர்ல மாட்டுங்கா எத்தனை?"

எல்லாரும் சிரித்தார்கள். பேராச்சியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.

"எய்யா, அந்த ஊர் வாடை எப்படி?"

தங்கபாண்டியின் முகம் ஒரு கணம் இறுகியது. "வாடையே கெடயாதும்மா. சுத்தமான காத்து. பத்து மைல் நடந்தாலும் மூக்கைப் பொத்த வேண்டாம்."

பேராச்சி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

எல்லாரும் போன பிறகு சொன்னாள்: "நான் வரலய்யா. நீ போய்ட்டு வா."

"ஏம்மா?"

"ஒரு ஊரைப் பழவவே பாதி ஆயுசு போயிட்டு. இன்னொண்ணுக்கு எங்கிட்ட தெம்பு இல்ல."

"இங்க யாரும்மா இருக்கா ஒனக்கு? ராத்திரி மேலுக்கு முடியலன்னா தண்ணி குடுக்க ஆளில்ல."

"பூமாரி இருக்கா. பூதத்தான் இருக்காரு."

"நான் இல்லல்ல."

அவன் வாடை இல்லை என்று சொன்னது ஆசை காட்டத்தான் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வாடை இல்லாத ஊர் அவளுக்கு இருட்டு. பாஷை தெரியாது, எழுத்து தெரியாது. காலையில் பிள்ளை வேலைக்குப் போவான், கதவு சாத்திக்கொள்ளும். தெருவில் நாலு எட்டு வைத்தால் எதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவது? இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அமெரிக்கா போய் எஞ்சினியர் ஆன பிள்ளையிடம் 'எனக்கு மூக்குதான் கண்ணு' என்று எந்த வாயால் சொல்வாள்.

அவன் வண்ணப் படங்களைக் காட்டினான். நீல ஏரி, வெள்ளைப் படகு. "நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். மறுநாளும் காட்டினான். மறுநாளும் நல்லாருக்கு. அதன் பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான். விட்டதுதான் அவளுக்குக் கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. சாப்பிடும்போது இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

*

தூர தேசம் போகிற துணியை ஒரு நாள் வெயில் காட்டித்தான் மடிக்க வேண்டும் என்பது பேராச்சியின் வழக்கம். கிளம்ப இரண்டு நாள் இருந்தது. பிள்ளை தன் டிக்கெட்டை உறுதி பண்ணக் கோட்டைப் பக்கம் விமானக் கம்பெனி ஆபீசுக்குப் போயிருந்தான். அவனுடைய பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சந்துக் கொடியில் போட்டாள். அடியில் காகிதம் சுற்றி ஒரு கம்பளிக் கோட்டு இருந்தது. கழுதை கனம் கனத்தது. வந்த நாளிலிருந்து அவன் அதை வெளியே எடுக்கவே இல்லை. பம்பாய்க்கு எதற்குக் கம்பளி.

மத்தியான வெயில் கோட்டில் ஏறியது. பேராச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

தாராவியில் தோல் வாடை வருவது அதிசயமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு மறுபடி புடைத்தாள். முடியவில்லை. எழுந்து போய்க் கோட்டை எடுத்து வந்து, கதவைச் சாத்தி, உள்துணியில் முகத்தைப் புதைத்தாள். உப்பு. சுண்ணாம்பு. சுண்ணாம்பில் வெந்து கழன்ற மயிர். கொழுப்பு. ஆவாரம்பட்டை இல்லை. கடுக்காய் இல்லை. அந்த இடத்தில் துருப்பிடித்த இரும்பு மாதிரி ஒரு மருந்து. சாயபுவின் ஷாப்பில் சமீபத்தில் போட்ட புதுத் தொட்டியில் தோலை நீலமாக்குகிற மருந்து.

இது தாராவி இல்லை. இது வேறு யாருடையதோ.

தங்கபாண்டி டிக்கெட்டோடு உள்ளே வந்தபோது அவள் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது யாரு ஷாப்புய்யா?"

அவன் வாசலிலேயே நின்றான். "எந்த ஷாப்பு?"

"எங்கிட்டயாலே மறைக்கே?"

தங்கபாண்டி டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தான்.

"படிப்பு முடிஞ்சு ரெண்டு மூணு எடத்துல கேட்டேன்மா. எடுக்கல. எடுத்தது ஒரு டேனரிதான், தோல் ஷாப்பு. தொட்டியில எந்த மருந்து எவ்வளவு போடணும்னு பாக்குற வேலை. எஞ்சினியருன்னு சொன்னது பொய் இல்ல."

"பொய்யின்னு யாருலே சொன்னா?"

"இத விட்டு ஓடணும்னுதானம்மா அவ்வளவு தூரம் போனேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அய்யா போயி ரெண்டு மாசம். மொத நாள் வேலைக்குப் போறேன். பஸ்சு ஒரு பாலத்துல போவுது. கீழ ஆறு, கரையெல்லாம் ஷாப்பு. கதவு தொறந்துச்சு. அய்யா வேட்டி வாடை. பக்கத்துல வந்து நிக்காருன்னு திரும்பிப் பாத்தேன்மா."

பேராச்சி கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழப் போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, நிற்கவில்லை.

"சண்டாளா. ஒங்கய்யா உசிரோட இருந்திருந்தா டீக்கடையில இன்னும் பத்து வருசத்துக்குப் பேச்சுக் கெடச்சிருக்கும். ஏழு கடல் தாண்டிப் போயிச் சுண்ணாம்புத் தொட்டியில விழுந்தான் எம்புள்ளன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏலே, இதை வந்தன்னைக்கே சொன்னா என்ன?"

"பூமாரி சித்தி வீட்டு ஆணியில எத்தனை வருசம் சட்டை மாட்டுன. இதையா வந்து சொல்ல?"

இருவரும் அந்த ஆணியைப் பற்றிப் பேசிய ஒரே தடவை அதுதான்.

பேராச்சி நகர்ந்து உட்கார்ந்தாள். "சரி. வீடு எங்கன இருக்கு? ஷாப்புக்கு எந்தப் பக்கம்?"

"தெக்க. மேட்டுல."

"காத்து எங்கேயிருந்து?"

தங்கபாண்டி நிமிர்ந்து பார்த்தான். கதவு இடுக்கில் சாக்கட்டி கிடந்தது, கோலத்துக்கு வைத்தது. எடுத்துத் தரையில் ஒரு கோடு போட்டான். ஆறு. அதன் கரையில் ஷாப்பு. தெற்கே சரிவு, சரிவின் தலையில் வீடு. எஞ்சினியர் போடுகிற படம்தான். ஆனால் அதில் அவன் குறித்ததெல்லாம் வேறாக இருந்தது. மேற்கே ஈஸ்ட் செய்கிற ஆலை, புளித்த தோசை மாவு மாதிரி. அதற்கப்பால் பீர் காய்ச்சுகிற இடம், வேகிற கோதுமை மாதிரி, சாயங்காலத்தில் அதிகம். வீட்டுக்கு ரெண்டு தெரு முந்தி ரொட்டிக்கடை. கிழக்கே ஏரி, கோடையில் மீன் வாடை. பெரும்பாலும் மேற்குக் காற்று. சில நாள் மத்தியானத்தில் ஏரிக்காற்று திடீரென்று வரும், அப்போது எல்லாம் மாறிவிடும்.

சொல்லச் சொல்ல அவன் வேகமாகச் சொன்னான். இவ்வளவும் தனக்குத் தெரியும் என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அப்பொ வீட்டப் பாத்து ஏறும்போது ஏரி எந்தக் கைப்பக்கம்?"

"இடது."

"பீரு?"

"வலது."

பேராச்சி சாக்கட்டிப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். மூக்கு லேசாக விரிந்தது, அங்கே போய் நிற்கிறவள் மாதிரி.

"வாடையே இல்லன்னியேலே" என்றாள். "பயந்துட்டேன்."

பிறகு கோட்டை மடித்துக்கொண்டே கேட்டாள்: "எனக்கு டிக்கெட்டு இன்னும் கெடைக்குமா?"

பாஸ்போர்ட்டு, விசா என்று பிள்ளை இன்னும் ஆறு வாரம் இருக்க வேண்டியதாயிற்று. வேலை போய்விடுமோ என்று பயந்தான், போகவில்லை. வழியனுப்ப சாந்தாகுருஸ் விமான நிலையம் வரைக்கும் ஒரு லாரி நிறைய ஆள் வந்தது. பூமாரி சந்தன சோப்பு ஒரு டஜன் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே, "அங்கயாவது கொழாயில ஒழுங்கா இரு மயினி" என்றாள். பூதத்தான், "மாட்டுங்கா ரெண்டு இருந்தா எழுதிப் போடச் சொல்லு" என்றார்.

*

மில்வாக்கியில் பேராச்சி இறங்கியபோது ஊரே உப்புப் போட்ட தோல் மாதிரி வெள்ளையாக விறைத்துக் கிடந்தது. வண்டியிலிருந்து இறங்கி ஆழமாக மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை. மூக்குக்குள் ஊசி குத்தியது, அவ்வளவுதான். மறுநாளும் ஒன்றும் இல்லை. குளிருக்கு வாடை இல்லை என்று தங்கபாண்டிக்குத் தெரியும், படித்தவன்தான். வெயில் ஏறாமல் எதுவும் காற்றில் கலக்காது. அதைச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

அவள் குறை சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கீழே ஆற்றுக் கரையில் புகைபோக்கிகள் தெரிந்தன. கண்ணுக்குத் தெரிந்து என்ன. சாயங்காலம் அவன் வந்ததும் எழுந்து போய்க் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டுவாள். மாட்டுகிற சாக்கில் ஒரு கணம் முகத்தோடு வைத்துக்கொள்வாள். அவன் பார்க்காத மாதிரி ஷூவைக் கழற்றுவான். 'கூட்டி வந்து அடைத்துப்போட்டோம்' என்று அவன் தூங்காமல் கிடந்ததை அவள் அறிவாள். பிள்ளை புரண்டு படுப்பது அடுத்த அறையிலிருந்து கேட்கும்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பேராச்சி ஜன்னலைத் தூக்கினாள். முதலில் ஈர மண் வந்தது. அப்புறம் புளித்த மாவு, மேற்கேயிருந்து, படத்தில் போட்டிருந்தபடியே. அதற்குப் பின்னால், சரிவின் அடியிலிருந்து, கையைப் பிடித்துக் கூப்பிடுகிற மாதிரி உப்பும் சுண்ணாம்பும்.

வெயில் என்று அவன் அன்று கோட்டை வீட்டில் விட்டுப் போயிருந்தான். சேலைமேல் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

அந்தக் கோட்டு இப்போதும் இருக்கிறது. பேராச்சி இறந்த பிறகு தங்கபாண்டி அதைச் சலவைக்குப் போடவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் கம்பளி சுருங்கிவிடும் என்பான். அதில் தோல் வாடை இருக்கிறது. காலரில் அவள் தலையின் தேங்காயெண்ணெய் வாடை இருக்கிறது. இரண்டாவதுதான் வேகமாகக் குறைகிறது.

அன்று அவள் பாலம் வரைக்கும் போனாள். கீழே ஷாப்பு வாசலில் ரப்பர் பூட்ஸ் போட்ட நாலு பேர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள், ஆனால் நிற்கிற நிலை பூதத்தான் நிற்கிற நிலை. தொட்டியிலேயே குனிந்து நின்ற முதுகு அப்படித்தான் நிற்கும். ஒருவன் கையை உயர்த்தினான். பேராச்சியும் உயர்த்தினாள்.

திரும்பி நடக்கும்போது காற்று மாறியது. ஒரே வீச்சில் குளிர்ந்தது, தோல் வாடை அறுந்தது, மாவு வாடை அறுந்தது. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி படிகள், எங்கும் எழுத்து. கோட்டைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஈரமான, மீன் கலந்த காற்று. ஏரி. வீட்டைப் பார்த்து ஏறும்போது ஏரி இடது கை. மெல்லத் திரும்பினாள், காற்று இடது கன்னத்தில் படும் வரைக்கும். பட்டதும் ஏறினாள். ஒரு தெரு கூடிப்போயிற்று. அப்புறம் ரொட்டி வெந்தது.

தங்கபாண்டி வேலையிலிருந்து வந்து பூட்டாத கதவையும் வெறும் ஆணியையும் பார்த்துவிட்டுத் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தான். மேட்டில் முதலில் கோட்டுதான் தெரிந்தது. அப்புறம் கீழே சேலைக் கரை.

"எம்மா!" ஓடிப்போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். சில்லிட்டிருந்தன. "எப்படிம்மா வந்தே?"

பேராச்சிக்கு மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது. தாராவி வாசலில் பூலோகம் கேட்ட அதே கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலையே சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டாள். இந்த ஊருக்கு அது அப்படியே பொருந்தாது.

"நேராத்தான் வந்திருப்பேன்" என்றாள். "நடுவுல காத்து மாறிட்டுலா. அதான் ஒரு தெரு சுத்து."